வெள்ளவத்தை நுரையும் கொட்டாஞ்சேனைக் கத்தியும்: முகச்சவரம் பற்றி ஓர் ஆய்வு

தமிழாராய்ச்சி தொடாத பொருள் இல்லை என்று பெருமைப்படுகிறவர்கள் ஒருமுறை தங்கள் தாடையைத் தடவிப் பார்க்கட்டும். பனைக்கு எண்ணூற்றொரு பயன் எண்ணினோம். ஒடியற்கூழுக்கு இலக்கணம் வகுத்தோம். கோவலன் எந்த வழியால் மதுரைக்குப் போனான் என்று சண்டை பிடித்தோம். ஆனால் படித்த தமிழ் ஆண்மகன் தன் காலைப்பொழுதுகளைக் கொட்டித் தீர்க்கும் ஒரு செயல், அதாவது முகம் வழித்தல், எந்தக் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலிலும் ஏறியதாகத் தெரியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இந்த விஷயத்தில் எங்களை இரண்டரை நூற்றாண்டு முந்திவிட்டார்கள். பாரிசில் கத்தி செய்து விற்ற சான் சாக் பெரே 1769 இல் ‘லா போகோனோதோமி’ என்று ஒரு நூலே எழுதி, நாவிதர் இல்லாமல் ஒருவன் தன் முகத்தைத் தானே வழித்துக்கொள்ளும் கலையைக் கற்பித்தார். தச்சரின் சீவுளியைப் பார்த்துக் கத்திக்கு மரத்தால் ஒரு காப்பும் மாட்டினார். அந்தப் பெரும் இடைவெளியை நிரப்பப் புறப்பட்டிருக்கிறது இச்சிறு கட்டுரை. ஆய்வுக்களம் கொழும்பு 6, கொழும்பு 13. அதாவது வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்.

ஆய்வுக்கருவி பழைய சேப்டி ரேசர். அதைத் தேடி நூதனசாலைக்குப் போகத் தேவையில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில், யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வந்திறங்கிய அலுமாரி ஏதாவது இருந்தால், அதன் மேல் லாச்சியின் அடியில் அது கிடக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒற்றைக் கால், காலாவதியான கடவுச்சீட்டு, எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத திறப்புக் கோர்வை என்பன அதன் சகபாடிகள். பித்தளையில் செய்து நிக்கல் பூசிய, கையில் எடுத்தால் கனம் தெரிகிற சாமான். சிலவற்றில் பிடியின் அடியைத் திருகினால் தலையின் இரு கதவுகளும் திறக்கும். சிலவற்றைத் தலை, தட்டு, பிடி என்று மூன்றாகக் கழற்றலாம். வீட்டில் அதற்குப் பெயர் ‘அப்பப்பான்ர ரேசர்’. தொல்லியலாளர் மட்பாண்டத்தைக் காலக்கணிப்புச் செய்யப் படும் பாடு இங்கே இல்லை. ஜில்லெட் கம்பெனி அமெரிக்காவில் செய்த பழைய ரேசர்கள் பலவற்றில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்து ஆண்டு, இலக்கம் காலாண்டு. ‘ஈ 2’ என்றிருந்தால் அது 1959 இன் இரண்டாம் காலாண்டில் பிறந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த திகதியே இவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

கருவியைச் செய்தவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அவர் கதை எந்த நாவலாசிரியருக்கும் துணிந்து எழுத வராது. கிங் காம்ப் ஜில்லெட் சோடாப் போத்தல் மூடி விற்றுத் திரிந்த விற்பனையாளர். அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்ரர்தான் அவருடைய முதலாளி. ஒருமுறை பாவித்துவிட்டு வீசுகிற, வீசியதால் மறுபடி வாங்கவேண்டி வருகிற பொருளொன்றைக் கண்டுபிடி என்று அவர் ஜில்லெட்டுக்கு உபதேசம் செய்தார். சீடரோ 1894 இல் ‘த ஹியூமன் டிரிஃப்ட்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். வியாபாரப் போட்டியே சகல தீமைக்கும் வேர். எல்லா உற்பத்தியையும் மக்களுக்குச் சொந்தமான ஒரே நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். அமெரிக்கச் சனத்தில் பெரும்பகுதியை நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் ஒரே நகரத்தில் குடியேற்ற வேண்டும் என்பது அதன் சாரம். புத்தகம் வந்த மறுவருடம், காலையில் முகம் வழிக்கும்போது, வீசிவிடக்கூடிய மெல்லிய பிளேட் என்ற யோசனை அவருக்கு வந்தது. சோசலிசம் அன்றோடு சற்றுப் பின்போடப்பட்டது.

மெல்லிய உருக்குத் தகட்டுக்குக் கூர் ஏற்ற முடியாது என்று உலோகம் தெரிந்தவர்கள் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியியலாளர், எம்.ஐ.டி.யில் படித்தவர், முடியும் என்று காட்டினார். 1901 இல் கம்பெனி தொடங்கிற்று. விற்பனை நடந்த முதல் ஆண்டான 1903 இல் போனவை 51 ரேசர், 168 பிளேட். இன்று கொட்டாஞ்சேனையில் ஒரு மூலைக்கடை இதைவிட நன்றாக வியாபாரம் செய்யும். 1904 நவம்பர் 15 காப்புரிமை கிடைத்தது. பிறகு முதலாம் உலகப்போர் வந்து, அமெரிக்க அரசு தன் படையினருக்கு 35 இலட்சம் ரேசர் வாங்கிக் கொடுத்ததும், ஒரு தலைமுறையே தன் முகத்தைத் தானே வழிக்கப் பழகிக்கொண்டது. லண்டனுக்கு மேற்கே ஐல்வேர்த்தில் 1937 இல் திறந்த ஜில்லெட் தொழிற்சாலைக்கு மணிக்கூட்டுக் கோபுரம் வைத்துக் கட்டியவர் சேர் பானிஸ்டர் பிளெச்சர். கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் கட்டிச் சுமக்கிற அந்தத் தடித்த வரலாற்று நூலின் ஆசிரியர் அவரே. இலங்கை அப்போது பிரித்தானியரின் குடியேற்ற நாடு. ஆகவே எங்கள் லாச்சிகளில் ‘மேட் இன் இங்லண்ட்’ என்று பொறித்தவை நிறையக் கிடப்பதில் ஆராய எதுவுமில்லை.

ஆராய வேண்டியது, அது வெள்ளவத்தையில் எப்படிப் பாவிக்கப்பட்டது என்பதைத்தான். இங்கே சமறி என்ற நிறுவனம் குறுக்கிடுகிறது. அரசாங்க எழுதுவினைஞராகக் கொழும்புக்கு வந்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் காலி வீதியின் இருபக்க ஒழுங்கைகளிலும் வீடெடுத்துக் கூட்டாகச் சமைத்துச் சாப்பிட்டு வாழ்ந்த ஏற்பாடு அது. வீட்டுக்கு ஆண்கள் பலர், குளியலறை ஒன்று. காலை ஏழு மணிக்கு வெளியே வரிசை நிற்கும்போது உள்ளே ஒருவன் கன்னத்தில் நுரை போட்டுக்கொண்டு நின்றால், அவன் பரம்பரையே கதவுக்கு வெளியே ஆராயப்படும். ஆகவே ஷேவ் எடுப்பது விறாந்தைக்கு இடம்பெயர்ந்தது. ஜன்னல் கம்பியில் ஒரு கண்ணாடி, பேணியில் குளிர்ந்த பைப் தண்ணி, குளிக்கிற அதே சவர்க்காரம், நாலு இழுவை. பஸ் வருகிறதா என்று ஒரு கண். இதுவே வெள்ளவத்தை மரபு. இதன் மூலக் கோட்பாடு வேகம். முகம் எரிந்தால் பிளேட்டைக் குற்றம் சொல்வது இதன் துணைக் கோட்பாடு.

கொட்டாஞ்சேனை மரபு வேறு. ஜெம்பட்டா வீதியிலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும் சலூன்கள் இருந்தன, இருக்கின்றன. யூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளுக்கு முதல்நாள் அங்கே இடம் பிடிப்பது, திருநாள் அன்று கோயில் வாசலில் இடம் பிடிப்பதை விடச் சிரமம். இம்மரபில் முகத்துக்கு உரியவர் கதிரையில் சாய்ந்துகொள்வார். தொழிலாளி முதலில் ஈரத் துவாயைப் போடுவார். பிறகு ரேடியோவைத் திருப்புவார். பிறகு யாரோடாவது கதைப்பார். நுரை போட்டபின்னும் கத்தி எடுக்க மாட்டார். அவசரக்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்து நெளிந்ததையும், மலையகத்திலிருந்து வந்து கடை வைத்திருப்பவர், “அண்ணே, கொஞ்சம் பொறுங்க. முடி ஊறணும். நான் சும்மா நிக்கிறேன்னு நெனைக்காதீங்க” என்று அடக்கியதையும் நேரில் கண்டிருக்கிறேன். இக்கட்டுரையின் முடிவு முழுவதும் அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது. ஆனால் ஆய்வுக்கட்டுரை என்றால் தெரிந்த முடிவுக்குச் சுற்றுவழியால்தான் போக வேண்டும்.

சுற்றுவழியின் முதல் திருப்பம் கிணற்றடி. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிறது. மழைநீர் அந்தக் கல்லுக்குள் இறங்கிக் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு வருகிறது. சவர்க்காரம் என்பது கொழுப்பமிலத்தின் சோடியம் அல்லது பொற்றாசியம் உப்பு. கல்சியத்தைக் கண்டதும் அது கட்சி மாறிக் கரையாத வெள்ளைக் கசடாகிவிடும். நுரையாக வேண்டியது வாளியின் சுவரில் படையாக ஒட்டிக்கொள்ளும். தாத்தாமார் எவ்வளவு தேய்த்தும் நுரை வராததற்கும், வந்த நுரை மூக்கைத் தாண்டுமுன் வற்றியதற்கும் இதுவே காரணம். அவர்கள் நினைத்ததுபோலக் கூட்டுறவுக் கடைச் சவர்க்காரம் அல்ல. கொழும்புத் தண்ணீர் வேறு இனம். 1886 இலிருந்து லபுகம நீர்த்தேக்கம் காட்டு மழைநீரை நகரத்துக்கு அனுப்புகிறது. பிறகு களட்டுவாவ சேர்ந்தது. அம்பத்தளையில் களனி ஆற்று நீரைச் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். எல்லாமே மென்னீர். அதே சவர்க்காரம், அதே பிரஷ், அதே தாடி. இங்கே கட்டித் தயிர்போல் நுரை எழும்பி நிற்கும். கடும் வரட்சியில் களனி இறங்கிக் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும் நாட்களும், கடலோரத் தொடர்மாடிகளின் குழாய்க்கிணற்று உவர்நீரும் இதற்கு விதிவிலக்கு.

யாழ்ப்பாணத்தார் கொழும்புக்கு வந்ததற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல: உத்தியோகம், படிப்பு, யுத்தம், வெளிநாட்டு விசா. நுரை இதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் ஊருக்குத் திரும்பிக் குடியேறிய ஓய்வூதியர்கள் மறுபடி முகம் எரிகிறது என்று முறையிடும்போது, பிள்ளைகள் வாங்கி அனுப்பிய புது பிளேட்டைச் சந்தேகிக்காமல், கேத்தில் அடியில் படிந்த வெள்ளையைப் பார்த்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். மழைநீரைப் பிடித்து ஒரு பேணி வைத்துக்கொள்வது இதற்குப் போதிய பரிகாரம்.

இரண்டாம் திருப்பம் முடி. 2020 இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், நிக்கர்சன் படித்த அதே கல்லூரிக்காரர், ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உருக்கைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு மென்மையான முடி எப்படி பிளேட்டின் கூரைக் கெடுக்கிறது என்பது கேள்வி. இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு அடியில் வைத்து முடியை வெட்டிப் பார்த்தார்கள். கூர் தேய்ந்து போகிறது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். உண்மையில் உருக்கின் அமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் முடி சாய்ந்து மோதும்போது விளிம்பு சில்லுச் சில்லாக உடைகிறது. போலி ஆய்வு எழுத உட்கார்ந்தவனுக்கு மெய் ஆய்வு முன்னால் போய் நிற்பதைவிட வெட்கம் வேறில்லை. காய்ந்த முடி விறைப்பானது. தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் முடியின் கெரட்டின் புரதத்துக்குள் நீர் புகுந்து பிணைப்புகளைத் தளர்த்தும். வெட்டும் விசை வெகுவாகக் குறையும். கொட்டாஞ்சேனைத் தொழிலாளி ரேடியோ திருப்புகிற நேரம் சரியாக அவ்வளவுதான்.

மூன்றாம் திருப்பம் கை. இன்றைய பல பிளேட் பிளாஸ்டிக் ரேசரின் தலை முகத்தின் வளைவுக்கேற்பத் தானே அசையும். அதைப் பிடிக்கிறவர் சிந்திக்கத் தேவையில்லை. பழைய ரேசருக்கு அந்தத் தாராளம் கிடையாது. தலையைக் கன்னத்தில் தட்டையாக வைத்தால் பிடி கன்னத்துக்குச் செங்குத்தாக நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கிருந்து பிடியை மெல்ல இறக்கினால் ஓரிடத்தில் பிளேட் முடியைத் தொட்டு மெல்லிய சரசரப்பு கேட்கும். தோலுக்கும் பிளேட்டுக்கும் ஏறத்தாழ 30 பாகை. அதுதான் இடம், அங்கேயே நிற்க வேண்டும். அமுக்கக் கூடாது. பித்தளையின் பாரமே வேலையைச் செய்யும். மற்றக் கையால் தோலைச் சற்று இழுத்துப் பிடித்து, சின்னச் சின்ன இழுவை. முதல் சுற்று முடி வளரும் திசைக்கு. மறுபடி நுரை. இரண்டாம் சுற்று குறுக்கே. எதிர்த்திசைச் சுற்று கல்யாண மாப்பிள்ளைகளுக்கும் தற்பெருமைக்காரருக்கும் உரியது. சுருண்ட முடிக்காரர் அதைத் தொடாமல் விடுவது நல்லது, வெட்டிய முனை தோலுக்குள்ளேயே வளர்ந்து கொப்புளமாகும். கழுத்தில் முடி எந்தத் திசைக்கு வளர்கிறது என்பதை விரலால் தடவிப் பார்த்து முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும். பலருக்கு அங்கே சுழி இருக்கும், தலைச்சுழிக்குப் பலன் சொல்கிற எங்கள் சோதிடர்கள் கழுத்துச் சுழியை ஏனோ விட்டுவிட்டார்கள். கடைசியில் குளிர்ந்த தண்ணீர், ஈரமாக்கிய சீனக்காரக் கட்டியால் ஒரு தடவல், விரும்பினால் ஓடிக்கொலோன். சீனக்காரம் எங்கே கடுமையாகக் கடிக்கிறதோ அங்கே அமுக்கி வழித்திருக்கிறீர்கள்.

லாச்சியிலிருந்து எடுத்த ரேசரைப் புளி போட்டு மினுக்க வேண்டாம். அது குத்துவிளக்குக்கு உரிய வைத்தியம். இதன் நிக்கல் பூச்சைத் தின்றுவிடும். இளஞ்சூட்டுத் தண்ணி, பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல் பிரஷ் போதும். பிளேட்டைக் கழற்றி உலர வைப்பது வெள்ளவத்தையில் கட்டாயம். மரைன் டிரைவ் பக்கத்துக் கடற்காற்று ஜன்னல் கிறிலையும் மின்விசிறியையும் விட்டுவைக்காதபோது ஒரு பிளேட் எம்மாத்திரம். பழைய கார்பன் உருக்கு பிளேட்டுகள் அந்த ஈரத்தில் விரைவில் துருவேறிவிடும். 1960களின் தொடக்கத்தில் வில்கின்சன் சோர்ட் துருப்பிடிக்காத உருக்கில் பிளேட் விற்கத் தொடங்கி ஜில்லெட்டையே பதறவைத்தது. வெள்ளவத்தையை நினைத்து அவர்கள் அதைச் செய்ததற்கு ஆதாரமில்லை, செய்திருந்தாலும் தப்பில்லை.

இனிச் சங்கடமான ஒரு பகுதி. யாழ்ப்பாணக் கிராமங்களில் முகம் வழிப்பது வீட்டுக்கு வரும் நாவிதரின் வேலையாக இருந்தது. கூலி பெரும்பாலும் நெல். அவரை விறாந்தைக்கு ஏற்றாத, தங்கள் கோப்பையில் தண்ணி கொடுக்காத வீட்டுக்காரர்கள், தங்கள் குரல்வளையை மட்டும் தயங்காமல் அவருடைய கத்திக்கு நீட்டினார்கள். இவ்வளவு முழுமையான நம்பிக்கையையும் இவ்வளவு முழுமையான அவமதிப்பையும் ஒரே மனிதர்மேல் ஒரே நேரத்தில் வைத்த சமூகத்தை ஆராய இந்தக் கட்டுரையின் அளவு போதாது. சேப்டி ரேசர் இதில் ஒரு பகுதியைக் குலைத்தது. சலூன் இன்னொரு பகுதியை. சலூனில் வாடிக்கையாளர்தான் படியேறி வர வேண்டும், காத்திருக்க வேண்டும், காசு எண்ணி வைக்க வேண்டும். 1927 இல் பிறந்த டொமினிக் ஜீவா யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூனில் தொழில் செய்துகொண்டே எழுதினார். ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுப்புக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966 ஓகஸ்டில் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கினார். அந்த இதழ் பிற்காலத்தில் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்தது. அவர் 2021 இல் மறைந்தார். ஆக, கொட்டாஞ்சேனை மரபுக்குச் சொந்த இலக்கியமே உண்டு. வெள்ளவத்தை மரபிடம் இருப்பது பிளேட் பற்றிய முறைப்பாடு மட்டும்.

பிளேட் என்றதும் நினைவுக்கு வருவது, அந்தக் கிழட்டு ரேசருக்கு இன்றைக்கும் பிளேட் கிடைப்பதன் மர்மம். அதை வீட்டில் பாவிப்போர் அருகிவிட்டார்கள். ஆனால் சலூனில் பழைய சவரக்கத்தி போய், அதே உருவத்தில் பிளேட் செருகும் பிடி வந்துவிட்டது. இரட்டை விளிம்பு பிளேட்டை உறையோடு நடுவில் மடித்து உடைத்து, ஒரு பாதியை அதில் மாட்டுகிறார்கள். எய்ட்ஸ் பயம் பரவிய காலத்துக்குப் பிறகு, “புது பிளேட் போடுங்கோ” என்பது கதிரையில் சாயுமுன் சொல்லும் மந்திரமாகிவிட்டது. அந்த மந்திரம்தான் அப்பப்பாவின் ரேசருக்கும் சோறு போடுகிறது.

கிடைக்காத காலமும் இருந்தது. 1970களில், இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த ஆண்டுகளில், ஒரு பிளேட்டை இயன்றவரை இழுத்தார்கள். கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் பிளேட்டை வைத்து விரலால் முன்னும் பின்னும் தேய்த்துக் கூராக்கும் வித்தை அன்று பலருக்குத் தெரியும். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட, பிறகு வீசியெறியும் பிளாஸ்டிக் ரேசர் வந்து சேர்ந்தது. தம்ளர் தண்ணி குடிக்கத் திரும்பியது. 2022 மார்ச் முடிவில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, மின்சார ஷேவர் வைத்திருந்தவர்கள் பாதிக் கன்னத்தோடு நின்றார்கள். பித்தளைக்கு மின்சாரமும் வேண்டாம், எரிவாயு வரிசையும் வேண்டாம். ஒரு பேணி பச்சைத்தண்ணியும், காத்திருக்க நேரமும் வேண்டும். அந்த வருடம் நேரத்துக்கு மட்டும் தட்டுப்பாடு இருக்கவில்லை.

எஞ்சியிருப்பது எப்போது வழிப்பது என்ற காலவியல் பிரச்சினை. செவ்வாய், வெள்ளி ஆகாது. அமாவாசை ஆகாது. பிறந்த நட்சத்திரம் வரும் நாள் ஆகாது. பொழுது பட்டபின் ஆகாது. கந்தசஷ்டி ஆறு நாளும் ஆகாது. ஐயப்பனுக்கு மாலை போட்டால் கழற்றும்வரை ஆகாது. மனைவி பிள்ளைத்தாய்ச்சி என்றால் ஆகாது. துடக்கென்றால் 31 ஆம் நாள் அந்தியேட்டிவரை ஆகாது. இதன்மேல் ஈழத்துச் சைவருக்கு இன்னொரு சிக்கல்: வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் திதி தொடங்கி முடியும் நேரத்தில் ஒத்துப்போவதில்லை. வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் வருடாவருடம் இரண்டையும் வாங்குகிறார். ஷேவ் எடுக்கப் பஞ்சியான நாளில் இரண்டில் எது தடுக்கிறதோ அதைக் கைக்கொள்கிறார். கல்யாண வீட்டுக்குப் போக வேண்டிய நாளில் எது விடுகிறதோ அதை. இம்முறையால் தமது முகம் எரிவதே இல்லை என்கிறார். மூன்று நாள் விட்டு வழிப்பதால் தோலுக்கு ஓய்வு கிடைக்கிறது என்ற அளவில் அவர் சொல்வது அறிவியலுக்கும் பொருந்துகிறது. இதுபற்றி அவருடைய மனைவி குசினியிலிருந்து தெரிவித்த கருத்து, ஆய்வு நெறிமுறைகளுக்கு அமைய எழுத்தில் பெறப்படாத காரணத்தால் இங்கே சேர்த்துக்கொள்ளப்படவில்லை.